கடலுக்கு மறுவீடு

சீர்த்தட்டில் என்ன வைப்பது என்பதில்தான் முதல் சண்டை தொடங்கியது.

மூத்தவள் ஒரு கை காப்பிப் பழம் என்றாள். நன்றாகச் சிவந்ததாகப் பார்த்துப் பொறுக்கி, பழத்தின் மேல் நின்ற மழைத்துளி சிந்தாமல் ஏந்திக்கொண்டு வந்தாள். நடுவுலவன் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடியிலிருந்து இரண்டு பச்சைச் சரங்களைக் கிள்ளிவந்தான். குட்டிக்கு நாலு வயது. அவன் உள்ளங்கையைத் திறந்தால் ஒரு நத்தை! உப்புத் தண்ணி அதுக்கு ஆகாதுடா கண்ணு என்று கெஞ்சி, வாழையடியில் அதை விடச் செய்வதற்குள் காப்பி ஆறிப்போனது. நத்தைக்குப் பதிலாக ஒரு கமலா ஆரஞ்சு தட்டில் ஏறியது. தட்டு, என் கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தாம்பாளம். பரணில் கறுத்துக் கிடந்ததைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்தேன். மூன்று முகமும் அதில் தெரிந்தபோது எனக்கே கல்யாணக் களை வந்துவிட்டது.

யாருக்குச் சீர் என்கிறீர்களா? கடலுக்கு!

சேர்வராயன் மலையிலிருக்கிற செம்மநத்தத்திலிருந்து ஆறு பேர், அதில் மூன்று பேரன் பேத்திகள், கொட்டும் மழைக்காலத்தில் கடல் பார்க்கப் போய்வந்த கதை இது. அங்கே எடுத்த படத்தில் தெரிவதெல்லாம் நனைந்த தலையும் சிரிப்பும்தான். அந்தப் படத்துக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் சொல்லத்தான் எனக்கு வாய் ஊறுகிறது.

ஆரம்பம் 2024 நவம்பர் 30. அன்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது. ஏறியதோடு போகவில்லை, உள்நாட்டுக்குள் நடந்து எங்கள் மலை வரைக்கும் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தோட்டத்தில் பழுத்த பழமெல்லாம் உதிர்ந்து சேற்றில் கிடந்தது. கரண்ட் இல்லாத ராத்திரி, ஓட்டின் மேல் உரல் உருட்டுகிற மாதிரி சத்தம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூத்தவள் கேட்டாள்:

“இவ்வளவு தண்ணி எங்கேர்ந்து வருது அப்பாயி?”

“கடல்லேர்ந்து.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல். “கடல் நம்ம வீட்டுக்கு வந்துருச்சு. நாம அது வீட்டுக்கு இன்னும் போகவே இல்லையே?”

தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார். வந்தவர் வீட்டுக்கு மறுவீடு போகாமல் இருந்தால் மனத்தாங்கல் வராதா? சம்பந்தி வேறு கோபக்காரர் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. போயே ஆக வேண்டும், அதுவும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று அந்த இருட்டிலேயே முடிவானது.

மே மாதத்தில் போங்களேன் என்று ஊரெல்லாம் சொன்னது. மழையில் யாராவது கடலுக்குப் போவார்களா என்று என் மகனே கேட்டான். நான் மாட்டேன் என்று நின்றேன். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் பின்கட்டு என்று ஒன்று உண்டு. அடுப்பும் அம்மியும் அங்கேதான். முன்கட்டில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு வருகிற விருந்தாளிக்கு அந்த வீட்டைத் தெரியாது. கோடையில் பார்க்கிற கடல் முன்கட்டுக் கடல். மழை சமைக்கிற பின்கட்டைப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசியிலோ கார்த்திகையிலோதான் போக வேண்டும். நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் விழுகிறது, சராசரியாக 44 செ.மீ. கார்த்திகையில் எங்களுக்குப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். ஒரு ஆள் நகர முடியாது. ஆகவே ஐப்பசி கடைசியில் ஒரு சனி, ஞாயிறு. மகன் தோட்டத்துக்குக் காவல். நான், தாத்தா, மருமகள், பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவளும் குட்டியும் மகன் பிள்ளைகள், என்னை அப்பாயி என்பார்கள். நடுவுலவன் சேலத்தில் இருக்கும் மகளின் பிள்ளை, அவனுக்கு நான் அம்மாயி. பயணம் முழுக்க இரண்டு பெயரும் மாறி மாறிக் கூப்பிட்டதில் ரயிலில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பாட்டிகளோடு வந்திருக்கிறோம் என்றே நினைத்தார்கள்.

எந்தக் கடல் என்பதில் மட்டும் சண்டையே இல்லை. அதைத் தண்ணீரே தீர்மானித்திருந்தது. எங்கள் மலையில் விழுகிற மழை ஒரே திசையில் போவதில்லை. வடக்குச் சரிவில் இறங்குவது வாணியாறாகித் தென்பெண்ணையில் சேர்ந்து கடலூரில் கடலைத் தொடும். இன்னொரு பக்கம் சரபங்கா. சேலம் பக்கம் இறங்குவது திருமணிமுத்தாறு. இவை இரண்டும் மேட்டூர் அணைக்குக் கீழேதான் காவிரியில் கலக்கின்றன. இதைக் கேட்டதும் நடுவுலவன் குதித்தான் பாருங்கள்! மேட்டூர் மதகை யாரும் திறக்க வேண்டியதில்லை, நம்ம மலைத் தண்ணி யாரையும் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கும் என்று கண்டுபிடித்தவன் அவன்தான். சேர்வராயன் கோயில் குகைக்குள் சாமிக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மன் பெயரும் காவிரியம்மன்தான். அந்த இருட்டுக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று என் மாமியார் சொல்லுவார். காவிரி போய்ச் சேருகிற இடம் பூம்புகார். ஆக, எங்கள் சம்பந்தி வீடு பூம்புகார்தான்.

இப்போது உள்வேலைகளுக்கு வருகிறேன். ஆகப் பெரிய வேலை வானத்தைப் பார்ப்பது. தாத்தா அதற்கு ஒரு நோட்டே போட்டார். 7 முதல் 11 செ.மீ. வரை என்றால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கும் மேல் அதிகனமழை; மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஒரு வாரம் முழுக்கக் காலையும் மாலையும் வானிலை அறிக்கை கேட்டு, மயிலாடுதுறை மாவட்டத்துக்கு நேராகப் பென்சிலால் நிறம் தீட்டினார். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்களா என்பது இன்னொரு கட்டம். புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை உண்டு. பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும். இரவில் அதையே சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள் சொல்லும். ஆரஞ்சு வந்தாலோ கூண்டு ஏறினாலோ பயணம் ரத்து என்று வீட்டுச் சட்டம். மூட்டையை இரண்டு முறை கட்டி, இரண்டு முறை அவிழ்த்தோம். இரண்டாம் முறை குட்டி மூட்டைக்குள்ளேயே ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மறுத்தான்.

குடை எடுக்கவில்லை. கடல்காற்றில் குடை ஒரு நிமிஷம் நிற்காது. தோட்டத்து வேலைக்காரப் பெண்கள் போட்டுக்கொள்கிற மாதிரி உரச் சாக்கை மடித்து, ஆளுக்கொரு கொங்காணி செய்தேன். பிள்ளைகளுக்கு அளவு வெட்டித் தைத்தது மருமகள்; குட்டியின் கொங்காணியில் இரண்டு காது வைத்ததும் அவள்தான். மாற்றுத்துணி எல்லாம் சாக்கின் உள்பையில் கட்டி, வாயை முறுக்கி, திரும்பவும் ஒரு கட்டு. புளிச்சோறு ஒரு தூக்கு. சேலத்துத் தட்டுவடை எவர்சில்வர் டப்பாவில், காற்றுப் புகாமல் மூடியைச் சுற்றித் துணி. மழைக்காலத்தில் நமுத்துப்போன தட்டுவடையைப் போலச் சோகம் வேறு இல்லை. நான் அந்த டப்பாவைப் பிள்ளையைப் போல மடியிலேயே வைத்திருந்தேன். வறுத்து அரைத்த எங்கள் காப்பித்தூள் கால் கிலோ. தாம்பாளத்தைப் பழைய பட்டுத்துணியில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வேனில் இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிள்ளைகள் எண்ணினார்கள். பதினோராவது வளைவில் மேகம் எங்களை விழுங்கியது, ஏழாவதில் துப்பியது. ஆங்காங்கே பாறையிலிருந்து புது அருவிகள் தார்ச்சாலையைக் கடந்து கீழே பாய்ந்துகொண்டிருந்தன. மழைக்காலத்தில் வளைவில் வண்டியை நிறுத்தவே கூடாது. அதனால் அடிவாரம் வந்து, அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, ஓடையருகில் போனோம். அங்கே ஒரு ரகசியச் சடங்கு! மூத்தவள் மூன்று சில்வர் ஓக் இலைகளைக் கொண்டுவந்திருந்தாள். மேலே பச்சை, திருப்பினால் வெள்ளி. ஆளுக்கு ஒன்றாகத் தண்ணீரில் விட்டார்கள். “யாரு இலை மொதல்ல கடலுக்குப் போவுதுன்னு பார்க்கலாம்!” இலைகள் சுழன்று, ஒரு கல்லில் தட்டி, நிமிர்ந்து ஓடின. தாத்தா கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார், நிஜமாகவே.

நடுவில் ஒரு வருத்தமும் உண்டு. சேலம் நகருக்குள் திருமணிமுத்தாற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தோம். மணியும் முத்தும் பெயரிலேயே இருக்கிற ஆறு. மீனாட்சியம்மன் மூக்குத்திக்கு இதிலிருந்துதான் முத்து போனதென்று சேலத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மலையிலிருந்து கண்ணாடியாக இறங்கி, ஏரிகளை நிறைத்துவிட்டு வருகிற தண்ணீர், ஊருக்குள் சாக்கடையையும் சாயத்தையும் சுமந்து கறுப்பாகிவிடுகிறது. “நம்ம இலை இதுக்குள்ளயா போவுது?” என்று மூத்தவள் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்; படிக்க வேண்டியவர்கள் படிக்கட்டும்.

ஆனால் ரயில்! அந்த ரயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2023 ஆகஸ்டிலிருந்து சேலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நேராக ஒரு மெமு ரயில் ஓடுகிறது. மதியம் இரண்டு மணி வாக்கில் சேலத்தில் ஏறினால் இரவு பத்துக்குள் மயிலாடுதுறை. முன்பதிவு கிடையாது, முந்துகிறவர்களுக்கு ஜன்னல். ஐந்து வயதுக்குள் இருக்கிற குட்டிக்கு டிக்கெட்டே இல்லை, மற்ற இருவருக்கும் அரை டிக்கெட். இது ஒரு ஆற்றோடு சேர்ந்து போகிற ரயில் என்பதை யாராவது கவனித்திருக்கிறார்களா? நாமக்கல் தாண்டி, மோகனூருக்கும் வாங்கலுக்கும் நடுவில் காவிரியைக் கடக்கிறது. திருமணிமுத்தாறு அதற்குக் கொஞ்சம் மேலேயே காவிரியில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே பாலத்தில் ரயில் ஏறியதும் மூன்று பேரும் ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு, கீழே ஓடிய அத்தனை அகலத் தண்ணீரிலும் இலை தேடினார்கள். “அதோ என் இலை!” “அது கொக்குடா!” பெட்டியில் இருந்த முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் எங்களோடு சேர்ந்து இலை தேடினார்கள். ஒரு பெரியவர், கண்டிப்பாக முந்திப் போயிருக்கும், தண்ணிக்கு ஸ்டேஷன் கிடையாதே என்று சொன்னார். பிள்ளைகளுக்கு அது வேதவாக்கு.

கரூருக்கு அப்புறம் காவிரி இடது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. மாயனூர், குளித்தலை, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே தென்பட்டும் மறைந்தும் திருச்சி வரை கூடவே வந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது என்று தாத்தா சொன்னதும் நடுவுலவனுக்கு ஒரே பதற்றம். இலை கொள்ளிடத்துக்குள் போய்விட்டால்? பழையாறு பக்கம் கடலில் சேர்ந்துவிடும், பூம்புகார் வராதே? கல்லணையில் வேறு இன்னும் பிரியும்! இலைகள் மூன்று, வழிகள் அதைவிட அதிகம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே மருமகள் மடியில் தூங்கிப்போனான். தஞ்சாவூரில் மழை பிடித்தது. கும்பகோணத்தில் ஜன்னலை இறக்க வேண்டியதாயிற்று. பெட்டி முழுக்க ஈரத்துணி வாசனை, அதற்கு நடுவே தட்டுவடை டப்பாவைத் திறந்தேன்: நொறுங்கிற்று!

மயிலாடுதுறையில் தங்கிய இடத்தில் கூரை ஒழுகியது. ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்குக்கு வந்த கூட்டம், வேறு அறை கிடையாது. வாளியைப் பிடித்து வைத்துவிட்டு, சொட்டுச் சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டே பிள்ளைகள் தூங்கினார்கள். எங்கள் வீட்டிலும் அதுதானே தாலாட்டு.

சனிக்கிழமை விடியலில் மருமகள் எழுந்து புறப்படத் துடித்தாள். தேநீர்க் கடைக்காரர்தான் நிறுத்தினார். இந்தக் கரையில் மழை ராத்திரியும் விடியற்காலையும் அடிக்கும், வெயில் ஏற ஏற விடும், பத்து மணிக்கு மேல் போங்கள் என்றார். எங்களுக்கு இது தலைகீழ் உலகம். மலையில் காலை பளிச்சென்று இருந்து, மத்தியானத்துக்கு மேல்தான் இடியும் மழையும். கடலோரத்தில் ராத்திரி நிலக்காற்று கடலுக்குப் போய், கடலிலிருந்து வருகிற ஈரக்காற்றோடு முட்டுவதால் அந்த நேரத்தில் மழை கூடும் என்று தாத்தா பேப்பரில் படம் போட்டே விளக்கினார். வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கரைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில் ரகசியம் இதுதான்: பத்திலிருந்து மூன்று.

பூம்புகார் பஸ் சம்பா வயல்களுக்கு நடுவே போனது. வயலில் ஒருவர் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு மடையை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். குட்டி தன் காதுவைத்த கொங்காணியை ஜன்னலில் ஆட்டினான். அவரும் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினார். மேலையூரில் கதவணை வந்தது. காவிரியின் கடைசிக் கதவணை அதுதான். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தால், தண்ணீர் இங்கே வந்து சேருகிற நாளில் விவசாயிகள் பூவும் நெல்லும் தூவி வரவேற்பார்கள். அதற்கப்புறம் தடுக்க யாருமில்லை, கடல்தான்.

வழியில் சிலப்பதிகாரக் கலைக்கூடம், 1973இல் திறந்தது, ஏழு அடுக்கு. பிள்ளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்துக் கீழையூரில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் பழைய செங்கல் படகுத்துறையும், படகு கட்டிய மரத்தூண்களும் தோண்டியெடுக்கப்பட்டன என்று சொன்னபோது நடுவுலவன் நின்றான். இந்தத் துறைமுகத்தில் வந்து குவிந்த சரக்குகளில் மிளகு மூட்டையையும் பட்டினப்பாலை சொல்கிறது என்றேன். அவ்வளவுதான்! தன் இரண்டு மிளகுச் சரத்தையும் தட்டிலிருந்து எடுத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டான்.

அப்புறம் சவுக்குத் தோப்பு முடிந்தது.

நான் கடலைப் பலமுறை பார்த்தவள். அன்றைக்கு நான் பார்த்தது மூன்று முதுகுகளை. ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒரே சமயத்தில் நின்றார்கள். கடல் நீலமாக இல்லை. ஈயம் பூசிய பாத்திரத்தின் உள்பக்கம் போல இருந்தது, அதன் மேல் வெள்ளையாகப் பொங்கிக்கொண்டே இருந்தது. சத்தம் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. குட்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்து என் புடவையைப் பிடித்தான். “அப்பாயி, இது கொதிக்குது.”

கருவாடு காய வைக்க வெயில் தேடிக்கொண்டிருந்த மீனவப் பெண்மணி ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். காலால் மணலில் ஒரு கோடு போட்டார். “அக்கா, புள்ளைங்க இதைத் தாண்டக் கூடாது. இந்த மாசத்துல கரை சட்டுனு பள்ளமாயிருக்கும். ஆத்து வாய்ப்பக்கம் உள்ளுக்கு இழுக்கும்.” 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த கரை அது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அந்தக் கோட்டை எங்கள் வீட்டுச் சட்டமாகவே எடுத்துக்கொண்டோம். குளியல் இல்லை, அலை வந்து தளர்ந்து படுக்கிற இடத்தில் கணுக்கால் மட்டும், ஆளுக்கு ஒரு பெரியவர் கை.

முதல் அலை காலைத் தொட்டதும் மூத்தவள் அலறினாள்: “தண்ணி சுடுது!”

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மலைத் தண்ணீர் எப்போதும் கணுக்காலைக் கடிக்கும். தண்ணீர் என்றாலே குளிர்தான் என்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். மேலே மழைமேகம், உடம்பெல்லாம் ஈரக்காற்று, காலில் மட்டும் வெந்நீர் மாதிரி ஒரு வெதுவெதுப்பு! ஐப்பசியில் வங்கக்கடலின் மேல்தண்ணீர் 28 டிகிரி வாக்கில் இருக்கும். ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் புயல் உருவாகப் போதிய சூடு கிடைக்கும். அந்தச் சூட்டில் எழுகிற ஆவிதான் மேலே போய் மேகமாகி, சுழன்று, நடந்து, எங்கள் ஓட்டுக்கூரையில் உரல் உருட்டுகிறது. தாத்தா குனிந்து குட்டியிடம் சொன்னார்: “நீ சொன்னது சரிதான்டா. இதுதான் அடுப்பு.” பின்கட்டுக்குள் வந்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அறுபது வயதில் கைதட்டிக் குதித்தேன்.

காவிரி கலக்கிற இடத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தோம். கோடையில் வந்திருந்தால் மணல்மேடுதான். மேட்டூரை ஜனவரி 28க்கு மூடிவிட்டால் இங்கே ஆறு வற்றிப்போகும், கடல் வாயில் மணலைக் கொட்டி அடைத்துவிடும். இப்போது வாய் திறந்திருந்தது. பழுப்புத் தண்ணீர் சாம்பல் தண்ணீருக்குள் நாக்கு நீட்டிக்கொண்டு போனது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, நுரையால் தைத்தது போல. கரையில் ஆகாயத்தாமரை, மூங்கில் துண்டு, தென்னம்பாளை, யாரோ வீட்டு முறம். ஆறு வழியெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்த சாமான்கள். மூத்தவள் ஒவ்வொன்றாகப் புரட்டி இலை தேடினாள். சில்வர் ஓக் இலை இல்லை. ஆனால் பழுப்புத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஊரு மண்ணு கலர்” என்றாள். அந்தப் பழுப்பில் சேர்வராயன் மலையின் பங்கு எத்தனை துளியோ! நான் மறுத்துப் பேசவில்லை, எனக்கும் அப்படித்தான் பட்டது.

சீர் கொடுக்கும் நேரம் வந்தது. பட்டுத்துணியை அவிழ்த்ததும் தாம்பாளம் அந்த மங்கிய வெளிச்சத்திலும் மின்னியது. ஆடிப்பெருக்குக்குக் காதோலை கருகமணி வாங்கிப் பழகிய காவிரிக்குக் காப்பிப் பழமும் மிளகும் புதுசு. காப்பி கடல் தாண்டி வந்த செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் எங்கள் மலையில் நட்டுவைத்தது. வந்த வழியாகவே அதன் பேரப்பழங்கள் திரும்பிப் போயின. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே ஒவ்வொன்றாக வீசினார்கள். ஒரு அலை வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. ஆரஞ்சை மட்டும் திருப்பிக் கொண்டுவந்து குட்டியின் காலடியில் வைத்தது! மூன்று முறை போட்டான், மூன்று முறையும் வந்தது. “எனக்கே குடுக்குது!” என்று அங்கேயே உரித்துத் தின்றுவிட்டான். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புளிப்பு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த, மணலில் கோடு போட்ட அந்த அம்மா விஷயம் என்னவென்று கேட்டார். மறுவீடு என்று சொன்னோம். சிரித்தார், ஆனால் சிரித்துவிட்டு நேராக வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது முறத்தில் நெத்திலிக் கருவாடும், கைநிறையச் சோழியும். “மறுவீடு வந்தவங்களை வெறுங்கையா அனுப்பலாமா?” எங்கள் தாம்பாளத்தில் எதிர்ச்சீர்! நான் கால் கிலோ காப்பித்தூளை அவர் கையில் வைத்தேன். அந்த நிமிஷத்தில் அங்கே யார் யாருக்குச் சம்பந்தி என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பன்னிரண்டு மணிக்கு மழை வந்தது. சொன்ன நேரத்துக்கு அது கட்டுப்படவில்லை, நாங்களும் ஓடவில்லை. இடி இல்லாத மழை. அலையில் குளிக்க முடியாத பிள்ளைகள் கடற்கரையில் நின்று மழையில் குளித்தார்கள். கடலுக்கு மேலே மழை விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அலைமேல் முழுக்க ஊசி குத்தினாற்போல் புள்ளி புள்ளியாக எழும்பும். மழை விட்டதும் நண்டுகள் வெளியே வந்தன. கண்ணைக் கம்பு மாதிரித் தூக்கிக்கொண்டு, வளைக்குள் சரிந்த ஈரமணலைக் கவளம் கவளமாக எடுத்துவந்து வெளியே எறிந்தன. பிள்ளைகள் மூன்று பேரும் வயிறு மணலில் பட அசையாமல் படுத்து ஒரு மணி நேரம் நண்டு வீட்டு மராமத்தைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு மணி நேரம் வாய் மூடியிருந்தது சரித்திரத்திலேயே அன்றைக்குத்தான்.

ஞாயிறு கடைமுழுக்கு. ஐப்பசி மாதம் முழுக்க எல்லா நதிகளும் மாயூரம் என்கிற மயிலாடுதுறைக் காவிரிக்கு வந்து முழுகும் என்பது நம்பிக்கை. ஆயிரமானாலும் மாயூரமாகாது என்று சும்மாவா சொன்னார்கள். துலாக்கட்டத்தில் ஆற்றின் நடுவே நந்தி மண்டபம், இரு கரையிலும் தலைகள். கூட்டத்தில் பிள்ளைகளை இறக்கப் பயந்து படியிலேயே நின்று தலையில் தெளித்துக்கொண்டோம். வரமுடியாமல் பின்தங்கிய முடவனுக்காகக் கார்த்திகை முதல் நாள் ஒரு முழுக்கு உண்டே, வழியில் சிக்கிய நம்ம இலை அதுக்கு வந்துரும் என்று நடுவுலவன் தேறிக்கொண்டான்.

வீடு திரும்பி ஒரு வாரம் வரைக்கும் களத்தில் கடல்மணல் கிடந்தது. கொங்காணி மடிப்பிலிருந்தும் பாவாடை ஓரத்திலிருந்தும் உதிர்ந்து கொண்டேயிருந்தது. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று பக்கத்து வீட்டுப் பூனைகளெல்லாம் கூரையில் வரிசையாக உட்கார்ந்தன. முதல் பழம் பறித்துக் களத்தில் பரப்பி முடித்த சாயங்காலம், தாத்தா வானொலியைப் பெரிதாக வைத்தார். வங்கக்கடலில் புதிதாக ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி.

நான் தார்ப்பாயைத் தேடி ஓடினேன். மகன் கல் தூக்கிவர ஓடினான். பாதிப் பழத்தை மூடிவிட்டு நிமிர்ந்தால், மூத்தவள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள், மழைக்கு லீவு விட்டு வந்திருந்த நடுவுலவன் தண்ணீர் தெளிக்கிறான், குட்டி கோலமாவு டப்பாவைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறான்.

“என்னடா பண்றீங்க?”

“விருந்தாளி வருது அப்பாயி!”

“வரட்டும். மெதுவா வரச்சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, தார்ப்பாயின் இன்னொரு முனையைப் பிடிக்க அவர்களைக் கூப்பிட்டேன்.